அண்ணனின் வெள்ளெழுத்து

"இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனமான ட்ரையல் ஃபிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்து, இன்னொன்றைப் போட்டுக் கேட்பேன். கேட்கும்போது குரல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. "இப்ப நல்லா தெரியுதில்ல?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது கதை. பாதிப் பேர் மரியாதைக்கு ஆமாம் போடுவார்கள், மீதிப் பேர் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்கு ஆமாம் போடுவார்கள். அதனால் நடுநடுவே பவரே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பேன். "ஆகா, பளிச்சுன்னு இருக்கு" என்று பூரித்துப் போகிறவர்களும் உண்டு. அவர்களை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

கடை கீழே, வீடு மேலே. முன்பக்கம் கண் பார்ப்பது நான். பின்பக்கத்துச் சின்ன அறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் அண்ணன். மாடியில் எங்களோடு அண்ணனின் மகள். அண்ணி இறந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. என் கல்யாணம் அதற்கு முன்பே வந்த வேகத்தில் போயிருந்தது. ஆகவே அவளுக்குத் தலை பின்னியதும், முட்டியில் மருந்து போட்டதும், அவளோடு மல்லுக்கு நின்றதும் நான்தான். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. இப்போது அவள் ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அந்தச் சிட்டு ஒரு நாள் காலை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஞாயித்துக்கிழமை வேன் வருது அத்தை. ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் பாத்துட்டேன்" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே அண்ணன் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அங்கயா? இடிக்கப் போற எடத்துலயா?" என்றான்.

"இடிக்கணும்னு நீங்கதான சொல்றீங்க."

"நான் மட்டுமா சொல்றேன்? எல்லாரும்தான் சொல்றாங்க."

சிட்டு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பின்னாலேயே போனேன். என்னடி நடந்தது, ஏன் திடீரென்று, என்று கெஞ்சினேன். "அப்பாவையே கேளுங்க. அவருக்குத் தெரியும்" என்றாள். பிறகு குழாயை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுச் சாவிய அன்னைக்கு உங்ககிட்ட குடுத்துடறேன்" என்றாள்.

போவதுகூடப் பரவாயில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் தனியாகத்தான் போவார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றாளே, அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

அண்ணனைக் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்? கொழுப்பு. அவ்வளவுதான்" என்றான். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், காது சிவக்கும். அன்றைக்குக் காது சிவக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆற்றங்கரையில் பிழைக்க வந்தவர்கள் குடிசை போட்டு, பிறகு சுவர் எழுப்பி, பெரிய குடியிருப்பாகிவிட்டது. நகர மன்றத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு முறையாக வீடு கொடுக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. காலி செய்து விரட்ட வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. விரட்ட வேண்டும் என்பதில் என் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். இதே அண்ணன்தான் போன வருஷம் நாங்கள் அங்கே இலவசக் கண் முகாம் போட்டபோது, மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, காது வலிக்காமல் ஒவ்வொருவருக்கும் ஃபிரேமின் காலை வளைத்துக் கொடுத்தவன். ஒரு தாத்தா கண்ணாடி போட்டதும் தன் பேத்தியின் மூக்கில் மச்சம் இருப்பதைக் கண்டுபிடித்துக் கூவியதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்.

அந்த ஆள் எப்படி இந்த ஆளானான்? எனக்குக் கோபத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. என் மூக்கு கொஞ்சம் நீளம், எங்கே நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

முதலில் பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். தினமும் மதியம் இருவரும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். அண்ணன் வெளியே போன சமயம் பார்த்து அவரிடம் போய், "என்ன, அண்ணன்கூட ரொம்ப அரசியல் பேசறீங்க போலருக்கே?" என்று போட்டு வாங்கப் பார்த்தேன். பாவம், மனுஷன் விழித்தார். "அரசியலா? என் முட்டி வலியப் பத்திதாம்மா பேசிட்டிருக்கேன். உங்க அண்ணன்தான் கேக்கறாரு. வேற யார் கேக்கறா?" என்று ஆரம்பித்து, வலது முட்டி முடித்து இடது முட்டிக்கு வந்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அடுத்து நேரடியாகவே கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க, எல்லாரும் சொல்றாங்கன்னு சொல்றியே, யாரு அந்த எல்லாரும்?"

"இந்தா, நீயே பாரு" என்று போனைக் கல்லாவின் மேல் வைத்தான்.

நான் என் போனை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே ஆப்தான், சிட்டுதான் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் போட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டு விரலால் இரண்டையும் தள்ளிக்கொண்டே போனேன். என் போனில் ஆற்றங்கரைப் பிள்ளைகள் சுவரில் வரைந்த மீன்கள், தொட்டிச் செடி, சோம்பல் முறிக்கும் பூனை, வீடு கொடுக்கச் சொல்லி ஊர்வலம், மறுபடி பூனை. அண்ணன் போனில் சிவப்புப் பெட்டி, சிவப்புப் பெட்டி, கீழே பொடி எழுத்து, கூட்டமாக யாரோ ஓடும் படம், மறுபடி சிவப்புப் பெட்டி. ஊர் ஒன்றுதான். ஆறும் ஒன்றுதான். ஆனால் என் போனைப் பார்த்தால் ஊரே வீடு கொடுக்கச் சொல்கிறது, அவன் போனைப் பார்த்தால் ஊரே விரட்டச் சொல்கிறது.

"உன்னுது பூராவும் காதுல பூ" என்றான் அண்ணன்.

"உன்னுது மட்டும் வேதமா?"

"நான் ஒண்ணும் தேடிப் போகல. அதுவா வருது."

நானும் பூனையைத் தேடிப் போகவில்லை. அதுவாகத்தான் வந்தது. இரண்டு பேருமே கேட்காமல், இரண்டு பேருக்கும் யார் இப்படித் தனித்தனியாகப் பரிமாறுவது? எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது.

சிட்டு தன் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டேன். என்மேலும் ஏதோ வருத்தம் இருந்தது அவளுக்கு, முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது, அந்தக் குணம் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

"லைக் போட்டாத்தான்னு இல்ல அத்தை. நாம எதுல நிக்கறோம்னு பாக்கும். சட்டுனு தள்ளிட்டா புடிக்கலைன்னு எடுத்துக்கும். ரொம்ப நேரம் நின்னா, விரலால பெருசாக்கிப் பாத்தா, புடிச்சிருக்குன்னு எடுத்துக்கும். அதே மாதிரி இன்னும் கொண்டாந்து கொட்டும்."

"யாரு எடுத்துக்கறது?"

"யாரும் இல்ல. ஒரு கணக்கு."

"அந்தக் கணக்குக்கு எதுக்கு அண்ணன் ஓட்டு?"

"அதுக்கு ஓட்டெல்லாம் வேண்டாம். அவர் போனை கீழ வைக்காம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்கு டேப் ஒட்டினாள்.

நின்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். இது என் நாற்காலியில் செல்லாது. ஒருவர் ஓர் எழுத்தில் நின்றால் அது பிடித்திருக்கிறது என்றா நான் எழுதிக்கொள்கிறேன்? அப்படியே தூக்கிவாரிப்போட்டது எனக்கு. விடுவிடுவென்று கீழே இறங்கினேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு வசதி, திரும்பின பக்கமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒருவரைப் பார்க்காத மாதிரியே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அன்று மதியம் கூட்டம் இல்லை. அண்ணன் வாடிக்கையாளர் சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் ஃபிரேம்களைத் துடைக்கிற சாக்கில், கண்ணாடி வழியாக அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது, உடனே தள்ளிவிட்டான். ஒரு நாய் தண்ணீரில் குதித்தது. சிரித்தான், தள்ளிவிட்டான். பழைய பாட்டு ஒன்று வந்தது, தலையை ஆட்டினான், தள்ளினான். பிறகு ஒரு சிவப்புப் பெட்டி வந்தது, கீழே எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்து. நின்றான். கையை நீட்டினான். புருவத்தைத் தூக்கினான். விளக்குக்குக் கீழே கொண்டுபோனான். இரண்டு விரலால் பெரிதாக்கினான், எழுத்து திரைக்கு வெளியே ஓடியது, இழுத்துக்கொண்டு வந்தான். கடைசியில் ஒன்றும் நடக்காமல் பெருமூச்சு விட்டுத் தள்ளினான். அடுத்தது இன்னொரு சிவப்புப் பெட்டி.

அடப்பாவி, இவனுக்கு வெள்ளெழுத்து!

நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான். கிட்டத்து எழுத்து கலங்கும், கை நீளும். தினமும் இந்தக் கடையில் ஊருக்கே நாங்கள் சொல்கிற பாடம். ஆனால் என் அண்ணன் மீசைக்கு மை போடுகிற ஆள். வெள்ளெழுத்து மற்றவர்களுக்கு வருகிற சமாச்சாரம். யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. லென்ஸ் உறையில் இருக்கும் பவரைக் கொஞ்ச நாளாக என்னையே படிக்கச் சொல்கிறான். "கையெல்லாம் தூளு, நீ படி" என்பான். வேலை செய்யும் மேசையில் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு இருப்பதால் வேலையில் பிசகு வரவில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற நான், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைக் கவனிக்கவில்லை.

ஆக அவன் பிடித்தவற்றையெல்லாம் சட்டுசட்டென்று தாண்டியிருக்கிறான். படிக்க முடியாதவற்றில் மட்டும் நின்றிருக்கிறான். கோபத்தோடு எழுதுகிறவர்கள்தான் பெரும்பாலும் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் போலிருக்கிறது. ஆகா, இவருக்கு இதில் உயிர் என்று அந்தக் கணக்கு முடிவு கட்டியிருக்கிறது. பெரிய சிவப்புத் தலைப்பு மட்டும் அவனுக்குத் தெரியும். நாளெல்லாம் தலைப்பாகவே சாப்பிட்டால் மனுஷன் என்ன ஆவான்? எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சோதிக்கிறேன் வா என்றால் வர மாட்டான், தலைகீழாக நின்றாலும் வர மாட்டான். அதனால் மறுநாள், "அண்ணா, இந்த ட்ரையல் ஃபிரேம் ஒரு பக்கமா சரியுது. கொஞ்சம் உக்காரு, சரி பண்ணிப் பாக்கறேன்" என்றேன். உட்கார்ந்தான். மாட்டிவிட்டு, கிட்டப் பார்வை அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"சும்மா, கடைசி வரி படி."

கடகடவென்று ஒப்பித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அட்டை இந்தக் கடையில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. அவனுக்கு அது தலைகீழ்ப் பாடம். அட்டையைக் கவிழ்த்துக் கொடுத்திருந்தாலும் அந்த வரியைச் சொல்லியிருப்பான்.

"என்ன, முடிஞ்சுதா?" என்று எழுந்திருக்கப் பார்த்தான், முகத்தில் ஒரு வெற்றிக் களை.

அவனுக்கு மனப்பாடம் ஆகாத எழுத்து வேண்டும். சுற்றிப் பார்த்தேன். அவன் சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்து, அவன் பக்கத்தையே திறந்து, அவன் பகிர்ந்திருந்தவற்றில் பொடி எழுத்து நிறைய இருந்த ஒன்றைக் காட்டினேன். "அப்ப இதப் படி. நீயே ஊருக்கு அனுப்பினதுதான."

"'இலவசம் அவர்களுக்கு, வரிசை நமக்கு'" என்றான் மிடுக்காக.

"அது தலைப்பு. கீழ."

கை நீண்டது. கழுத்து பின்னால் போனது. "லைட்டு சரியில்ல" என்றான்.

நான் ஃபிரேமில் ஒரு லென்ஸைப் போட்டேன். "இது தெளிவா?" எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டேன். "அது தெளிவா?" குரலை எந்தப் பக்கமும் சாயவிடவில்லை, என் தொழில் மேல் ஆணை.

அவன் போனை மெல்ல மடிக்குக் கொண்டுவந்தான். உதடு அசைந்தது. பிறகு வாய்விட்டே படித்தான். "'நம் பிள்ளைகளுக்கு இல்லாத கண்ணாடியை வந்தேறிகளுக்கு வாரிக் கொடுக்கும் கும்பல் இது. வட்டமிட்ட பெண்தான் ஆட்களைக் கூட்டி வருபவள். இவளை எங்கே பார்த்தாலும் விடாதீர்கள்.'"

எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு படம். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பார்த்தேன்.

நீளமான வரிசை. பின்னால் துணிப் பதாகை, அதில் நீல வட்டக் கண்ணாடி, அண்ணனே வரைந்த எங்கள் கடைச் சின்னம். மேசைக்குப் பின்னால் குனிந்து யாருக்கோ ஃபிரேமை வளைத்துக்கொண்டிருக்கும் ஓர் உச்சந்தலை, அது அண்ணனுடையது. வரிசையின் நடுவில் ஒரு கிழவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அது எங்கள் சிட்டு.

"இது... நம்ம முகாம்" என்றான்.

"நீதான் அனுப்பியிருக்க. உன் பேர்லதான் இருக்கு."

"நான் தலைப்ப மட்டுந்தான்..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினான். இந்த முறை காது சிவந்தது. பொய்யால் இல்லை. என் அண்ணனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, அண்ணி போன அன்றுகூட.

சிட்டு போன மாதம் பஸ் நிலையத்தில் யாரோ கத்தினான் என்று முகம் வெளிறி வந்ததும், அதிலிருந்து இருட்டும் முன்பே வீடு திரும்பியதும் இப்போதுதான் புரிந்தது. பெற்ற அப்பாவே தன் முகத்தில் வட்டம் போட்டு ஊருக்கு அனுப்பினார் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கோ அந்தப் படம் வரவே இல்லை. இந்த மாதிரி சிவப்பெல்லாம் கண்ணில் பட்ட கணமே நான் தள்ளிவிடுவேன், அதனால் இவளுக்குக் காட்ட வேண்டாம் என்று அந்தக் கணக்கு என்னைப் பூனைகளோடு விட்டுவிட்டது.

மாடிக்கு ஓடப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்தான். "நீ சொல்லாத. நான் சொல்றேன்."

அன்று முழுக்க அவன் பின்னறைக்குப் போகவில்லை. ட்ரையல் ஃபிரேமைக் கழற்றாமலே, தான் பகிர்ந்த ஒவ்வொன்றையும் அடிவரை படித்தான். கண்ணாடி போட்டதும் கருத்து மாறிவிட்டது என்று சொன்னால் அது கதை. அப்படி நடக்கவில்லை. "இது சுத்தப் புளுகு" என்பான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இந்தச் சாக்கடை விஷயம் உண்மை, ஆத்துல கலக்குது, அதுக்கு யாரும் பதில் சொல்லல" என்பான். இன்னொன்றைப் படித்துவிட்டு, "இத எழுதினவன் தூங்கியிருந்தா நாட்டுக்கு நல்லது" என்பான். அவனுக்கு எது தெரிகிறது என்று அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஒற்றை விரலால் எழுதி, என்னிடம் காட்டிவிட்டு, ஊருக்குப் போட்டான். "நான் முன்பு அனுப்பிய படம் நாங்கள் நடத்திய கண் முகாம். அதில் மேசைக்குப் பின்னால் இருப்பவன் நான். வட்டத்துக்குள் இருப்பவள் என் மகள். சொந்தக் காசில், சொந்த ஆசையில் செய்தோம். எனக்கு வெள்ளெழுத்து, படிக்காமல் அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது." மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் தனக்குக் கண் சரியில்லை என்று ஊரறியச் சொல்வதென்றால் சும்மா இல்லை. மீசைக்கு மை போடுகிறவனுக்கு அது இன்னும் கஷ்டம்.

பிறகு உட்கார்ந்து காத்திருந்தோம். சிட்டு டூட்டியில் இருந்தாள், போனில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள் என்று அவனுக்கு நம்பிக்கை.

கூப்பிடவில்லை. வேறு யாரும்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. பூட்டுக்காரர் மட்டும் ஒரு லைக் போட்டு, கீழே தன் முட்டிக்கு நல்ல டாக்டர் தெரியுமா என்று கேட்டிருந்தார். நான் என் போனைத் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தேன், ஒரே கூரையின் கீழ் இருக்கும் எனக்கே அது வரவில்லை. அண்ணன் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திறந்து, கண்ணை எடுக்காமல் அதிலேயே நின்றேன். விரலால் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று அந்தக் கணக்குக்கு எப்படித்தான் சொல்வது?

"வட்டம் போட்டத அனுப்பினப்ப யார் யாரோ கை தட்டினாங்களே" என்றான் அண்ணன், குழந்தை மாதிரி. "இத ஏன் ஒருத்தனுக்கும் காட்ட மாட்டேங்குது?"

"இதுல சண்டை இல்லையே. யாரு நிப்பா?"

"சிட்டுவுக்காவது காட்டலாமில்ல?"

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. "அவ உன்னப் பாக்க வேண்டாம்னு அன்னைக்கே பிளாக் பண்ணி வச்சிருப்பா அண்ணா. நீ எத்தனை எழுதினாலும் அவளுக்குப் போகாது."

அவன் போனைக் கல்லாவின் மேல் கவிழ்த்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேன் வந்து வாசலில் நின்றது. டிரைவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மாடியில் சிட்டு தன் அறையின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நடையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கீழே கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் படியேறி வந்தான். மூக்கில் கறுப்பு ஃபிரேமில் ஒரு படிக்கிற கண்ணாடி. விடிவதற்கு முன்பே எழுந்து அவனே தேய்த்துப் பொருத்தியிருந்தான். கிட்டப் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியேறினால் படி தெரியாது, இரண்டு இடத்தில் தடுக்கினான்.

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி போட்ட அப்பாவை அவள் பார்த்ததே இல்லை.

"அந்தப் படத்துல நீ இருந்தது எனக்குத் தெரியாது" என்றான் வாசலிலேயே நின்று.

"உங்க பேர்லதாம்ப்பா வந்துச்சு."

"நான்தான் அனுப்பினேன். தலைப்பு மட்டும் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் எறும்பு மாதிரி இருந்துச்சு. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால தெரிஞ்ச மாதிரியே அனுப்பிட்டேன்."

சிட்டு என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க?"

"எனக்கு வரவே இல்லடி. எனக்கு வந்ததெல்லாம் பூனை."

"நீங்களும் பாத்துட்டுத்தான் அப்பாவுக்காகப் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதுவிட்டேன். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு ஊரில் இருந்திருக்கிறோம்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவை நேராகப் பார்த்தாள். அவள் விடுகிற ரகம் இல்லை. "சரி. இப்பதான் தெரியுதே. இப்பவும் இடிக்கணும்னுதான் சொல்றீங்களா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி போட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளைத் தடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிடேன் அண்ணா, என்று எனக்கு வாய் வரை வந்தது.

"போன வாரம் நிச்சயமாத் தெரிஞ்சுது" என்றான். "இப்ப நிச்சயமாத் தெரியல. படிச்சது பாதி பொய். மீதியில எது உண்மைன்னு போன்ல பாத்து எனக்கு வெளங்கல. நான் உங்கூட வந்து பாக்கட்டுமா?"

சிட்டு போர்வையின் நுனியை இறுக்கிச் செருகினாள். பிறகு போர்வையில் சுற்றிய கண்ணாடியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "உடையாம மடியில வச்சுக்கிட்டு முன்சீட்டுல உக்காருங்க. படியில எறங்கறப்ப மட்டும் மூக்குல இருக்கறதக் கழட்டிடுங்கப்பா, விழுந்து வைக்காதீங்க."

இருவரும் இறங்கினார்கள். நான் பின்னாலேயே வாசல் வரை போனேன். அண்ணன் டிரைவரின் பக்கத்தில் கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். போனைக் கல்லாவிலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. சிட்டு வேனில் ஏற ஒரு காலை எடுத்து வைத்தாள்.

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் மூக்கு சும்மா இருக்காதே. "சாவி?" என்றேன். கையை நீட்டவில்லை, கேட்டேன், அவ்வளவுதான்.

சிட்டு பையைத் திறந்து சாவியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை மறுபடி பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ராத்திரி அப்பாவ யார் கொண்டாந்து விடறது?" என்றாள்.